சைனப் படத்துக்கு நான் கட்டின மாலை

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்தது, மழை பெய்யாமல் போய்விட்டது. என் அலமாரியில் பாதியைக் காலி செய்ய உத்தரவு. போட்டவள் சுமதி, என் மகன் மோகனின் பெண்டாட்டி. பல்கலைக்கழகத்தில் மாணவர் விவகார ஆபீசில் வேலை.

சூடான் என்று ஒரு நாடு. அங்கே சண்டை. அங்கிருந்து இங்கே படிக்க வந்த பிள்ளைகள் லீவுக்கு ஊர் போக முடியாது. ஹாஸ்டலில் பைப்பு, ஒயர் எல்லாம் மாற்றப் போகிறார்களாம், ஆள் இருக்கக் கூடாது. ஆகவே இங்கே வேலை செய்கிறவர்களில் வீட்டில் இடம் உள்ளவர்கள் ஆளுக்கொரு பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழகம் கேட்டிருக்கிறது. சுமதி கையைத் தூக்கிவிட்டாள். இடம் யாருடையது? என்னுடையது. என் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை.

"மூனு வாரம்தான் அத்தை."

"மூனு வாரத்துக்கு என்னைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல போடு."

மோகன் சிரித்தான். எப்போதும் அவள் பக்கம்தான். எழுதி வைக்கிறேன். சுமதி மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் வாசிக்கத் தெரியாது. தைரியமாக எழுதலாம்.

பொழுது சாய்ந்து பெண் வந்தாள். பெயர் ஹிபா. நல்ல உயரம். தலையில் துணி. ஒரே ஒரு பை. மருந்து செய்கிற படிப்பாம். இரண்டு போன். புதுசு இங்கே வாங்கியது, அதை மேசையில் போட்டாள். பழசு, கண்ணாடி கீறல் விழுந்தது. ஊரிலிருந்து அம்மா கூப்பிடும் நம்பர் அதில்தான். அதைக் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடும்போதுகூட மடியில்.

என்னுடையது பசார் மலாய், சந்தையில் பேசுகிறது. அவளுடையது புத்தக மலாய். நடுவில் எங்கேயோ புரிந்துகொள்கிறோம். என்னை 'நெனெக்' என்கிறாள். மலாயில் பாட்டி. கூப்பிடச் சொல்லி நான் கேட்டேனா?

ஜூலை 9, செவ்வாய்

தூக்கம் இல்லை. பக்கத்தில் போன் வெளிச்சம் வருவதும் போவதும்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் செய்வது என்று சுமதி சொன்னது:

பீஸ் இப்போது கட்ட வேண்டாம்.
அரிசி, எண்ணெய், டின் மீன்.
போனுக்கு டேட்டா.
விசா நீட்டிக்கக் கடிதம்.
மனசு விட்டுப் பேச ஒரு டாக்டர். டாக்டர் இல்லையாம், கவுன்சிலராம்.

எல்லாம் சரி. "அவங்கம்மாவைக் கண்டுபிடிக்க என்ன செய்யுறீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் அத்தை தினமும் யார் யாருக்கோ போன் அடிக்கிறேன். யாரும் எடுக்க மாட்டறாங்க. எடுத்தா வேற நம்பர் குடுக்கறாங்க."

முகம் வாடித்தான் இருந்தது. இருக்கட்டும். அலமாரி விஷயம் வேறு.

ஹிபாவுக்கு அப்பா முன்பே இல்லை. அம்மா மட்டும். சண்டை அவர்கள் தெருவுக்கே வந்ததும் அம்மா ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். பஸ் ஏறிவிட்டேன், எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க் கூப்பிடுகிறேன் என்றாளாம். அது போன மாதம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம். அதோடு பேச்சில்லை.

அம்மா பெயர் கேட்டேன். சைனப். படம் காட்டினாள். நம் சேலைபோல நீளத் துணி ஒன்றை உடம்பில் சுற்றித் தலைக்கும் போட்டிருக்கிறாள். வாயை இறுக்கிக்கொண்டு, படம் எடுக்கிறவனைத் திட்டப் போகிற முகம். எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூலை 10, புதன்

குளியலறையில் ரொம்ப நேரம். என் காற்றாடி இப்போது அவள் பக்கம் திரும்பி நிற்கிறது. யார் திருப்பினார்கள் என்று கேட்டால் யாரும் இல்லையாம்.

வெண்டைக்காயைக் காயவைத்துப் பொடித்து ஒரு குழம்பு வைத்தாள். கொழகொழவென்று இருந்தது. மோகன் பத்து காவான் பேக்டரியில் இரவு வேலை முடித்து வந்து, ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டான். "மா, சூப்பர்லா." நான் வைத்தால் உப்பு என்பான்.

சாயங்காலம் சுமதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை இருந்தால்தான் அப்படி உட்காருவாள். சனிக்கிழமை பல்கலைக்கழக மண்டபத்தில் இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு நிகழ்ச்சி. சாப்பாடு, பேச்சு, பிள்ளைகளின் குடும்பப் படங்களைப் பெரிதாக அடித்து வைப்பார்களாம். துணைவேந்தர் வருகிறார். வரும் பெரியவர்களுக்கு ஏழு மாலை வேண்டும்.

"கடையில வாங்கு."

"கடை மாலை ஒரு மணி நேரத்துல தொங்கிடும் அத்தை. நீங்க கட்டினா கல்லு மாதிரி நிக்கும்."

நான் அப்படியெல்லாம் மயங்குகிறவள் இல்லை. முடியாது என்றேன். அப்படியென்றால் கோயில் மாதர் குழுவில் த. கட்டித் தருவாள், எப்படியும் அவர்கள் குழுதான் சாப்பாடு பரிமாற வருகிறது என்றாள்.

அவள் பெயரை இந்த நோட்டில் முழுதாக எழுத மாட்டேன். த. போதும். என் வீட்டுக்காரர் கூடத்தில் கிடந்த அன்று வந்து, ஒப்பாரி வைத்து அழுது, மூக்கைச் சிந்தி, எழுந்து போகும்போது "என் டிபன் கேரியர் இங்கதானே இருக்கு?" என்று கேட்டவள். மோகன் அப்போது பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. இன்று அவன் மீசையில் நரை. அந்தக் கேரியரில் நடு அடுக்கு சரியாக மூடாது, அதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

நானே கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

லிட்டில் இந்தியாவில் பூ. மோகன் தன் காடியில் ஏற்றிக் கொண்டுபோனான். சாமந்தி நல்லது இல்லை, சண்டை போட்டு உள்ளே இருந்த கூடையை எடுக்க வைத்தேன். கொஞ்சம் ரோஜா. நாரும் வாங்கினேன், நூல் வேண்டாம்.

ஹிபா கூடவே உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுத்தாள். கை வேலையில், கண் மடியில் இருக்கும் போனில். ஒரு தரம் அது ஒளிர்ந்தது. பூக்கூடையைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஏதோ விளம்பரம். மறுபடி உட்கார்ந்து கீழே கொட்டினதைப் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன்.

ஏழு மாலை. முதுகு போய்விட்டது.

ஜூலை 13, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாளை இவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

நாங்கள் போனபோது மண்டபத்தில் ஏசி நடுக்கியது. ஓரமாக நீள மேசை, வெள்ளைத் துணி, அதன்மேல் வரிசையாகப் படங்கள். அம்மா, அப்பா, தம்பி தங்கைகள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் படத்துப் பக்கத்தில் நின்று வருகிறவர்களிடம் பேசினார்கள். நல்ல ஏற்பாடு. நான் ஒத்துக்கொள்கிறேன். சைனப் படமும் இருந்தது, வாய் இறுக்கமாக.

த. சோற்றுப் பானைக்குப் பின்னால், பட்டுச் சேலையில். பரிமாற வந்தவளுக்குப் பட்டு. நான் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

பெரியவர்கள் ஏழு பேர் வரவேண்டியது, நாலு பேர்தான் வந்தார்கள். துணைவேந்தர் கழுத்தில் என் மாலை நன்றாக உட்கார்ந்திருந்தது. பேசினார். நீங்கள் தனியாக இல்லை, இது உங்கள் வீடு என்றார். ஹிபா முகத்தைப் பார்த்தேன். கேட்கிற முகம் இல்லை. போன் கையில்.

நான் கழிவறை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். மிச்சம் மூன்று மாலை. மூன்றும் படங்களுக்கு. ஒன்று சைனப் படத்துக்கு. என் கையால் கட்டின மாலை, நடுவில் ரோஜா வருகிற மாதிரி அழகாகத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு சின்ன விளக்கும் ஏற்றி.

எப்படி மண்டபத்தைக் கடந்தேன் தெரியவில்லை. மாலையைப் பிடித்து இழுத்தேன். நன்றாக முறுக்கின நார், அறுபடவில்லை. படமும் சேர்ந்து விழுந்தது. விளக்கை வாயால் ஊதினேன்.

"எவ போட்டது இது? உசுரோட இருக்கறவங்களுக்கு எவ போட்டது?"

தமிழில்தான் கத்தினேன். பேச்சு நின்றுவிட்டது. நிகழ்ச்சியை நடத்துகிற பிள்ளைகளில் ஒரு சீனப் பெண், மெய் லிங் என்று சட்டையில் எழுதியிருந்தது, ஓடி வந்தாள். சுமதி பிறகு எனக்குச் சொன்னது: அந்தப் பெண்ணுக்குத் தமிழ்த் தோழிகள் நிறைய. அவர்கள் வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறாள். எல்லா வீட்டுக் கூடத்திலும் தாத்தா பாட்டி படத்துக்கு மாலை. தமிழர்கள் குடும்பத்துக்கு மரியாதை செய்கிற முறை என்று நினைத்துவிட்டாள். யாரும் அவளுக்கு மற்றதைச் சொல்லவில்லை. அழுதாள், பாவம். அப்போது எனக்குப் பாவமாக இல்லை.

சுமதி என் கையைப் பிடித்தாள். "அத்தை, ப்ளீஸ், உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

இன்னும் இரண்டு படம் மாலையோடு. ஒன்றில் ஒரு கிழவர். ஒன்றில் ஐந்து வயதுகூட இருக்காத குழந்தை. நான் எட்டுவதற்குள் ஒரு கை அதை எடுத்துவிட்டது. த. கரண்டியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். குழந்தை படத்து மாலையைத் தலைக்குமேல் தூக்கி எடுத்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு கிழவர். பானைக்குத் திரும்பிவிட்டாள்.

துணைவேந்தருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் தன் கழுத்து மாலையையும் கழற்றி மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தார். அந்த மனுஷனை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஹிபா படத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று என்னிடம் கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டில் ஆளுக்கொரு மூலை. சுமதி சட்டியை வைக்கிற சத்தத்திலேயே பேசுகிறாள். மோகன் மட்டும் "மா, மெதுவா எடுத்திருக்கலாம்லா" என்றான். மெதுவாக எடுக்கிற காரியமா அது?

மத்தியானம் ஹிபாவே வந்தாள். மண்டபத்தில் ஒரு தமிழ்ப் பையன் சொல்லிவிட்டானாம்.

"இறந்தவர்களுக்குத்தான் அந்தப் பூவா, நெனெக்?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். பூ அழுகியிருந்தது, அதனால் எடுத்தேன் என்று வாய்வரை வந்தது.

"ஆமா."

தலையாட்டினாள். "எத்தனை நாள் தகவல் இல்லை என்றால் போடுவீர்கள்?" என்றாள்.

என்ன கேள்வி இது. எழுந்து போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

வெயில். துரியான் லாரி ஒலிபெருக்கி, காலையிலிருந்து இரண்டு தரம். தலைவலி.

ஹிபாவுக்குப் புதுப் போனில் அவள் மாமன் மகன் செய்தி அனுப்பியிருக்கிறான். பஸ் போன சாலையில் சண்டை. அந்தப் பஸ்ஸில் போனவர்கள் யாரும் அந்தப் பக்கம் வந்து சேரவில்லை என்று பேசிக்கொள்கிறார்களாம். பார்த்தவன் யார் என்று கேட்டேன். யாரோ அவனுக்குச் சொன்னது. அந்த யாரோவுக்கு இன்னொரு யாரோ.

சுமதி லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தாள். கவுன்சிலர் வீட்டுக்கே வந்தார், மலாய் அம்மா, நல்ல மாதிரி. அழச் சொன்னார். ஹிபா அழவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு, பல்கலைக்கழகப் பள்ளிவாசலில் சூடானில் இறந்துபோன உறவினர்களுக்காக ஒரு தொழுகை வைக்கிறார்கள். மையித்து, அதாவது உடல், முன்னால் இல்லாமலே தொழுகிற ஜனாஸாத் தொழுகையாம். வேண்டுகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். சைனப் பெயரைக் கொடுக்கட்டுமா என்று ஹிபா கேட்டாள். கவுன்சிலர், நீதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். படித்தவர்கள் கடைசியில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நான் சொன்னேன், கொடுக்காதே. என் பெரியம்மா கதையும் சொன்னேன். பெரியப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்து சில பேர் திரும்பினார்கள், அவர் வரவில்லை. ரப்பர் தோட்டத்துப் பெண்கள் கூட்டமாக வந்து, போனவன் போய்விட்டான், தாலியை எடு என்றார்கள். பெரியம்மா அரிவாளோடு வாசலில் நின்றாளாம். சாகும்வரை பொட்டு வைத்தாள். அந்தக் கூட்டத்தைக் கூட்டி வந்தவள் பக்கத்து லயத்து வீட்டு முனியம்மா. நான் பிறப்பதற்கு முந்தின கதை, முனியம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் பேரப்பிள்ளைகள் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் இன்றுவரை போனதில்லை.

"பெரியப்பா வந்தாரா?"

"வரல."

"பெரியம்மா எப்படி இருந்தார்?"

நல்லா இருந்தாங்க என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா லாரி சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவாள். எந்த லாரியானாலும். கிழவியான பிறகும். அதை ஹிபாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 18, வியாழன்

உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. பாத்திரம் எல்லாம் எடுத்துத் தேய்த்தேன். ஹிபா ஒரு வாய் சாப்பிட்டால் பெரிது. பழைய போன் சார்ஜ் வயரோடு கையில். அது சுவரோடு இவளைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கிறது.

கதவு தட்டுகிற சத்தம். த. பலாச்சுளை ஒரு பை. இந்த வீட்டு வாசல் ஏறி எத்தனை காலம். உட்காரச் சொல்லவில்லை, அவளாக உட்கார்ந்தாள்.

"புள்ள எப்படி இருக்கு?"

"இருக்கு."

"பேர் குடுக்கப் போவுதாமே. நீ வேணான்றியாமே."

சுமதி வேலை. இதையும் எழுதி வைக்கிறேன்.

"ஒன்னைக் கேட்டேனா?"

"கேக்கல. நானா சொல்றேன். பாத்ரூம் போனாலும் போனைத் தூக்கிட்டுப் போவுது. இப்படியே வெச்சிருந்தா அந்தப் புள்ள என்னத்துக்கு ஆவும்? அது மனசு ஒரு முடிவுக்கு வந்தா, நீ ஏன் ராஜம்மா குறுக்க நிக்கிற?"

"சனிக்கிழம நீயும்தானே மாலையக் கழட்டின."

"அடுத்தவ போட்டா கழட்டுவேன். அதுவா போடறேன்னா, நான் யாரு?"

பதில் வராதபோது எனக்கு என்ன வருமோ அது வந்தது.

"பொணம் கெடக்கறப்போ டிபன் கேரியர் கேட்டவதானே நீ."

த. என்னையே பார்த்தாள். அவளுக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன்.

"அது எங்க மாமியாரோடது. எடுத்துக்கிட்டுப் போவலன்னா அன்னிக்கு எனக்கு அடி. ஒங்கிட்ட அதையா சொல்ல முடியும், அந்த நேரத்துல?"

அவள் மாமியார் எப்படிப்பட்டவள் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். இருந்தாலும் மறுநாள் வந்து கேட்டிருக்கலாம். கோப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்றாள். நான் போட்டது அவ்வளவுதான்.

ஜூலை 19, வெள்ளி

மேகமூட்டம், காற்றே இல்லை. காலையில் ஹிபா வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டாள். பெயர் கொடுத்தாயா என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

நானும் வருகிறேன் என்றேன். சுமதி காடியின் முன் கதவைத் திறந்துவிட்டாள்.

பல்கலைக்கழகப் பள்ளிவாசலில் பெண்களுக்கு மேல்மாடி. எங்கள் இருவருக்கும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. எத்தனை செருப்பு. மலாய்ப் பிள்ளைகள், சூடான் பிள்ளைகள், வேலைக்காரர்கள், பாதுகாவலர் பூட்சுகூட இருந்தது. மெய் லிங்கும் வந்திருந்தாள், தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு. என்னைப் பார்த்து ஒதுங்கப் பார்த்தாள். "இங்க வா" என்று மலாயில் சொல்லி, நகர்ந்து இடம் விட்டேன்.

ஜும்மா முடிந்தது. ஒலிபெருக்கியில் தொழுகை நடத்துகிற உஸ்தாத், மலாயில். யாருக்காகத் தொழப் போகிறோம் என்று சொல்லி, பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தினார். ஆண் பெயர். ஆண் பெயர். ஒரே குடும்பத்தில் நாலு பெயர் தொடர்ந்து வந்தது, ஒரே அப்பன் பெயரோடு. சுமதி என் கையைப் பிடித்தாள். பிடிக்கட்டும் என்று விட்டேன். பெண் பெயர் ஒன்று, சைனப் இல்லை. மறுபடி ஆண். முடியப் போகிறது, கொடுக்கவில்லை, புத்திசாலிப் பிள்ளை, என்று நினைத்தேன்.

கடைசிக்கு முந்தின பெயர் சைனப். ஹிபாவின் அப்பா வழிப் பெயர்களும் சேர்த்து, தெளிவாக.

எழுந்து நின்றுவிட்டேன். அரிவாள் ஏது. செருப்புக் கும்பல் முன்னால் கிழவி ஒருத்தி நிற்கிறேன், உள்ளே நூற்றுக்கணக்கான பேர் நின்றுகொண்டே தொழுகிறார்கள். சுமதி இழுத்து உட்கார வைத்தாள். சத்தம் போடவில்லை நான். இதையும் எழுதி வைக்கிறேன், நாளை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

ஹிபா இறங்கி வந்தாள். கண் வீங்கி, முகம் கழுவியிருந்தாள். இத்தனை நாளாக இவள் அழுது நான் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து நின்றாள், திட்டுவேன் என்று.

"சாப்பிடலாமா?" என்றேன்.

கேன்டீனில் சோறும் கோழியும். முழுத் தட்டு சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு வாங்கினாள். சுமதி அழுதாள், இவள் சாப்பிட்டாள். உஸ்தாத், உறுதியா என்று கேட்டாராம். மாமன் மகன் செய்தியைக் காட்டினாளாம். "எனக்கு உறுதி இல்லை நெனெக். ஆனால் என்னால் இனி முடியவில்லை."

பிறகு அந்தப் பழைய போனை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதே."

சொல்லிக் கொடுத்தாள். வந்தால் பச்சையை மேலே இழுக்க வேண்டும். காதில் வைக்க வேண்டும். மலாய் அங்கே புரியாது, அதனால் 'ஹிபா மௌஜூதா' என்று சொல்ல வேண்டும். ஹிபா இருக்கிறாள் என்று அர்த்தம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சுமதி திருத்தினாள், அவளுக்கு அரபு தெரிந்த மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் ஹிபா படுத்துத் தூங்கிவிட்டாள், பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு. காற்றாடியை அவள் பக்கம் நான்தான் திருப்பி வைத்தேன்.

த. வீட்டுப் போனுக்கு அடித்தாள்.

"தலைக்கு ஊத்திட்டியா?"

"எதுக்கு?"

"என்ன எதுக்கு? துக்கத்துக்குப் போயிட்டு வந்தா ஊத்த மாட்டியா?"

"நான் போனது தொழுகைக்கு. துக்கம்னு எனக்கு யாரும் சொல்லல."

வைத்துவிட்டேன்.

வேர்வை நாற்றம் எனக்கே தாங்கவில்லை. சோப்பும் துண்டும் எடுத்துவைத்து ரொம்ப நேரமாகிறது. குளியலறைக் கதவைச் சாத்தினால் அந்தப் பழைய போன் மணி அடிப்பது கேட்காது.